காவிரி மீனுக்கு ஒரு லெட்ஜர்

மேல்நாடுகளில் சால்மன் பிடிக்க, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் கணவாய் பொம்மையைத் தூண்டிலில் மாட்டுகிறார்கள். நம்ம காவிரியில் சால்மன் ஏது? இங்கே ராஜா மஹ்சீர்தான்.

இந்த மோகம் ஆங்கிலேயர் காலத்தது. சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ்.தாமஸ் 1873-லேயே 'தி ராட் இன் இந்தியா' என்று புத்தகம் போட்டுவிட்டார். அன்றைய பொம்மை இரை, 'ஸ்பூன்' என்ற பளபள உலோகத் தகடு. 1946-ல் கபினியில் மைசூர் வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! பிற்பாடு காவிரியில் பேர் வாங்கியதோ கேழ்வரகு உருண்டை. மீனுக்கும் ராகி முத்தெதான் போங்கள்!

பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி கலிபோரே முகாம். பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டு, கணக்கை மட்டும் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்த ஏடுகளை ஆய்வாளர்கள் புரட்டி, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வங்கி பாஷையில் சொன்னால், பேலன்ஸ் ஏறியது, அசல் கரைந்தது.

அந்தத் திமில் மீன் 'டோர் ரேமாதேவி' இனம்தான் என்று உறுதியானதே 2018-ல். அதே வருடம் அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது.

சரணாலயத்தில் தூண்டிலுக்குத் தடை வந்தது நல்லதுதான். ஆனால் அதோடு லெட்ஜரும் மூடப்பட்டதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.