பாட்டில் வளரும் பிள்ளைமை

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு கலசப்பாக்கத்தின் வழியே பாய்கின்றது. அந்த ஆற்றையும், இன்றைய பருவதமலை என அறிஞர் கருதும் நவிர மலையையும் பாடும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. அருவியின் முழக்கம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, புலியால் புண்பட்ட கணவரின் துயர் தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டு என மலையின் ஓசைகளை அது நிரல்படுத்துகின்றது. அத்தகைய மண்ணில் பிறந்த குழந்தைக்கு இசை தனிப்பாடமன்று, தாய்ப்பாலை ஒத்தது.

இவ்வுண்மையைத் தமிழர் இலக்கியமாகவும் வகுத்தனர். பெரியாழ்வார் கண்ணனின் குழவிப்பருவங்களைப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தோன்றிற்று. 3 முதல் 21 வரையுள்ள ஒற்றைப்படைத் திங்கள்களைப் பிள்ளைத்தமிழுக்கு உரியனவாகப் பாட்டியல் மரபு குறிக்கும். செங்கீரையில் உடல் அசைகின்றது; தாலில் செவி தாலாட்டில் தோய்கின்றது; சப்பாணியில் கைகள் கொட்டுகின்றன; சிற்றிலில் கால்கள் மணல்வீட்டைச் சிதைக்கின்றன; ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிறுபறையில் தாளம் கருவியை அடைகின்றது. இவ்வரிசையில் ஏட்டிற்கும் எழுத்தாணிக்கும் இடமில்லை.

1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், புலன்களின் பயிற்சியே எழுத்துக்கு முற்பட்டது எனப் பயிற்றுவித்தார். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஊட்டச்சத்தோடு முன்பருவக் கல்வியையும் தன் கடமையாக ஏற்றது. ஆயினும், மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எழுதுகோலைத் திணிக்கும் ஆர்வம் பெற்றோரிடையே பெருகியே வருகின்றது. சப்பாணி கொட்டாத கைக்கு எழுத்து சுமையாகும். மலைப்பிள்ளைக்கு மையங்கள் சோறு தருகின்றன. அதன் தாயறிந்த பாட்டையும் அங்கே ஒலிக்கச் செய்தல் நம் கடன்.