கண்புரையும் உடல் நோய்களும்

கண்மணிக்குப் பின்னால் உள்ள வில்லை தெளிவிழந்து மங்குவதே கண்புரை. முதுமையே இதற்குப் பெரும் காரணம். ஆனால் குழந்தைக்கோ இளவயதினருக்கோ புரை விழுந்தால், அதன் வேர் பல சமயம் உடலில் வேறோர் இடத்தில் இருக்கும். சர்க்கரை நோய், கருவில் தொற்றிய கிருமி, பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு, தசை நோய், நெடுநாள் எடுத்த மருந்து எனக் காரணங்கள் பல. வில்லை தன் இடத்தை விட்டு நகர்வதும் இப்படி உடல் நோயின் விளைவாக இருக்கலாம்.

வில்லைக்கு ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள திரவத்திலிருந்தே அது உணவு பெறுகிறது. ரத்தத்தில் கூடுவதும் குறைவதும் அந்தத் திரவத்திலும் தெரியும். மேலும், வில்லை தன் பழைய இழைகளை உதிர்ப்பதில்லை. கருவில் உருவானவை நடுவில் அப்படியே இருக்க, புதியவை வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காக மேலே படிகின்றன. எந்த அடுக்கில் மங்கல் என்று பார்த்தே, தீங்கு கருவில் நேர்ந்ததா பின்னாளில் நேர்ந்ததா என்று மருத்துவரால் கணிக்க முடிகிறது.

இந்தக் கணிப்பு சாத்தியமாக நெடுங்காலம் ஆயிற்று. புரை விழுந்த கண்ணில் ஊசி செலுத்திப் பார்வையை மீட்கும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் அம்முறை பல நூற்றாண்டுகள் வழங்கியது. ஆயினும் கண்ணுக்குள் இறங்கி உறைந்த கெட்டநீரே புரை என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். 1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் பிரிசோ இறந்துபோன ஒரு படைவீரரின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியிருப்பது வில்லையே என்று காட்டினார். 1747இல் ஜாக் டாவியேல் அந்த வில்லையை வெளியே எடுத்தார். நோய் எங்கே இருக்கிறது என்பது தெளிவான பிறகே, அது ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இடம் பிறந்தது.

1911இல் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் ஸ்லிட் லேம்ப் கருவியை அறிமுகப்படுத்தினார். மெல்லிய ஒளிக்கீற்றால் வில்லையை அடுக்கு அடுக்காகப் பார்க்க வழி கிடைத்தது. தசை விறைத்துத் தளரும் பரம்பரை நோயான மயோட்டோனிக் டிஸ்ட்ரோபியில், வில்லைக்குள் பல நிறத்தில் மின்னும் துகள்கள் தெரிந்தன. செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயில் சூரியகாந்திப் பூ வடிவில் ஒரு படிவு தெரிந்தது. 1922இல் விவரிக்கப்பட்ட இந்தப் பூ, செம்பை வெளியேற்றும் சிகிச்சையால் மங்கி மறைவதும் உண்டு.

தசை நோயின் கதை தனியே சொல்லத் தக்கது. ஜெர்மானியக் கண் மருத்துவர் புரூனோ ஃபிளைஷர் 1918இல் நோயாளிகளின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிச் சென்றார். முந்தைய தலைமுறையினருக்கு வெறும் கண்புரை மட்டும் இருந்தது. பிந்தியவர்களுக்கோ தசை நோய் இளவயதிலேயே கடுமையாக வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை ஒரு நோய் முற்றுவது நடவாத காரியம் என்று மரபியலாளர்கள் பின்னர் ஒதுக்கித் தள்ளினர். 1992இல் காரணமான மரபணு பிடிபட்டது. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு, பிள்ளைகளுக்குக் கடத்தப்படும்போது நீள்கிறது. ஃபிளைஷர் கண்டது சரியே.

இத்துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1941இன் தொடக்கத்தில் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக்கிடம், பிறவியிலேயே புரையுடன் கைக்குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து வந்தன. பெரும்பாலும் இரு கண்ணிலும் புரை. நடுப்பகுதி அடர்ந்த வெள்ளை. குழந்தைகள் எடை குறைந்து, பால் குடிக்கவே திணறின. பலவற்றுக்கு இதயத்திலும் கோளாறு இருந்தது. பிறவிக் குறை என்றாலே பரம்பரை என்று மருத்துவ உலகம் எண்ணிய காலம் அது. கிரெக் அப்படி விட்டுவிடாமல், தாய்மார்கள் எப்போது கருவுற்றார்கள் என்று கணக்கிட்டார். கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள், 1940இல் நாட்டில் பரவிய ரூபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மைக் காலத்தோடு பொருந்தின. மற்ற மருத்துவர்களின் நோயாளிகளையும் சேர்த்து 78 குழந்தைகளின் விவரம் திரட்டினார். அவர்களில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின்போது அந்தக் காய்ச்சல் வந்திருந்தது. இரண்டு நாள் செம்புள்ளியும் லேசான காய்ச்சலுமாகப் போய்விடும் நோய் என்று யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை.

அவர் சொன்னதை உலகம் உடனே ஏற்கவில்லை. பத்தாண்டு கழித்து, ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியலாளர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்குகளைப் புரட்டினார். காது கேளாதோர் எண்ணிக்கை சில பிறப்பாண்டுகளில் மட்டும் திரண்டு நின்றது. அவை ரூபெல்லா பரவிய காலங்களை ஒட்டியவை. 1962இல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. வில்லை உருவாகும் முதல் வாரங்களில் உள்ளே நுழையும் இந்த வைரஸ், குழந்தை பிறந்து ஓராண்டு கடந்த பின்னும் வில்லைக்குள் உயிரோடு இருப்பதும் தெரியவந்தது. 1964–65இல் அமெரிக்காவில் பரவிய கொள்ளைநோயால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவி ரூபெல்லாவுடன் பிறந்தன. 1969இல் தடுப்பூசிக்கு அங்கே உரிமம் கிடைத்தது.

தமிழகம் இந்தத் தடுப்பில் வெகுவாகப் பின்தங்கியது. 1990களில் மதுரையில், புரையுள்ள 366 குழந்தைகளைச் சோதித்த ஆய்வில், ஓராண்டுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு ரூபெல்லாவே காரணம். தடுப்பூசி கண்டுபிடித்துக் கால் நூற்றாண்டு ஆன பிறகு வந்த கணக்கு இது. இந்தியாவின் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில்தான் தமிழகம் உள்ளிட்ட சில பகுதிகளில் தொடங்கியது. இலங்கையோ 2020இல் ரூபெல்லாவை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

சர்க்கரை வில்லையை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு 1959இல் தடயம் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன், சர்க்கரை நோயுள்ள எலிகளின் வில்லையில் சார்பிட்டால் சேர்ந்திருப்பதைக் கண்டார். அமெரிக்காவில் ஜின் கினோஷிடா அந்த வழியை விரித்துக் காட்டினார்: மிகுந்த குளுக்கோஸை ஒரு நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது, அது எளிதில் வெளியேறாமல் நீரை உள்ளே இழுக்கிறது, இழைகள் ஊதி வெடிக்கின்றன. பாலில் உள்ள கேலக்டோஸைச் செரிக்க இயலாத பிறவிக் கோளாறிலும் இதே வழிதான். அக்குழந்தைக்குப் பாலை உடனே நிறுத்தினால் தொடக்கநிலைப் புரை கலைந்துபோகும். சர்க்கரை ஏறும்போது கண்ணாடி பவர் மாறுவதற்கும் வில்லையின் இந்த மாற்றமே காரணம். எனவே சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்தே புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும்.

வில்லை நழுவுவதும் பெரிய நோயின் அடையாளமாகலாம். உயரமும் நீண்ட விரல்களும் உள்ள மார்ஃபன் நோயாளிகளுக்கு வில்லை பெரும்பாலும் மேல்நோக்கி நகர்கிறது. 1962இல் அறியப்பட்ட ஹோமோசிஸ்டினூரியாவில் அது பொதுவாகக் கீழ்நோக்கிச் சரிகிறது. பின்னதில் ரத்தம் எளிதில் உறையும் என்பதால், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே நோயைக் கண்டறிவது உயிர் காக்கும்.

1960இல் ஒரு புதிய காரணம் பட்டியலில் சேர்ந்தது. முடக்குவாதத்துக்கு நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் வில்லையின் பின்புறத்தில் புரை படிவதை அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர். சொட்டு மருந்தாக விட்டாலும் இதே ஆபத்து உண்டு, கண்ணழுத்தமும் ஏறலாம். கண் அரிப்பால் அவதிப்படும் பிள்ளைகளுக்கு, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் அந்தச் சொட்டை ஒரு நாளும் விடாதீர்கள். கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால் அதே வாரம் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அடர்ந்த பிறவிப் புரையை முதல் இரண்டு மாதங்களுக்குள் அகற்றாவிட்டால், பார்க்கக் கற்கும் காலத்தை மூளை இழந்துவிடும்.