கியூ டூர் (ஸ்னூக்கர்)

கியூ டூர் என்பது தொழில்முறை ஸ்னூக்கருக்கு ஒரு படி கீழே நடைபெறும் இரண்டாம் நிலைச் சுற்று. உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கம் இதை 2021-22 சீசனில் தொடங்கியது. லீட்ஸ், சோபியா, ஸ்டாக்ஹோம் போன்ற நகரங்களின் கிளப்புகளில் சீசன் முழுவதும் ஆடி, தரவரிசையில் முதலிடம் பெறுபவருக்கு உலக ஸ்னூக்கர் டூரில் இரண்டு ஆண்டுகள் ஆடும் உரிமை நேரடியாகக் கிடைக்கிறது. 'டூர் கார்டு' என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த உரிமையைத்தான். அடுத்தடுத்த இடங்களில் இருப்பவர்களுக்கு பிளே-ஆஃப் என்னும் இரண்டாம் வாய்ப்பு உண்டு. தொழில்முறைச் சுற்றுக்கு ஆள் சேர்க்கும் வழிகளில் ஓர் ஆட்டக்காரரின் தரத்தை நேர்மையாக அளப்பது இதுதான். ஆனால் அந்த அளவீட்டுக்கு உரிய எண்ணிக்கையில் கார்டுகள் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

இந்த முடிவுக்கு ஸ்னூக்கரின் முப்பதாண்டு வரலாறே சான்று. 1991-இல் தொழில்முறை ஆட்டம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கட்டணம் செலுத்திய எவரும் நுழையலாம் என்றானது. 1992-இல் அந்த வழியாக வந்தவர்களில் ரோனி ஓ'சல்லிவன், ஜான் ஹிக்கின்ஸ், மார்க் வில்லியம்ஸ் மூவரும் பின்னாளில் உலகச் சாம்பியன்கள் ஆனார்கள். கதவைத் திறந்து வைத்ததால்தானே இவர்கள் கிடைத்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் அந்த ஆண்டு பிளாக்பூலின் நார்பிரெக் காசில் ஹோட்டலில் நடந்த தகுதிச்சுற்றுகளில் ஓ'சல்லிவன் தம் முதல் 76 ஆட்டங்களில் 74-ஐ வென்றார். இது அவருடைய மேதைமையைக் காட்டுகிறது. எதிரில் நின்றவர்களில் பலருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளியையும் காட்டுகிறது. அவரைப் போன்ற ஒருவர் எந்த வழியாகவும் வந்திருப்பார். ஒரு தேர்வுமுறையின் தரத்தை மேதைகளை வைத்து அளக்க முடியாது. ஏறத்தாழச் சமமான திறமை கொண்ட நூறு பேரில் யார் முந்துகிறார் என்று பிரித்துக் காட்டுவதில்தான் அதன் தரம் தெரியும்.

அந்தப் பிரிப்புக்காகவே 1997-இல் யு.கே. டூர் என்னும் இரண்டாம் நிலைச் சுற்று உருவானது. 2000-இல் சேலஞ்ச் டூர் என்று பெயர் மாறி 2005 வரை நீடித்தது. அதன்பின் வேல்ஸின் பிரெஸ்டாட்டினில் 2010 வரை நடந்த பான்டின்ஸ் தொடர், தரவரிசையின் முதல் எட்டுப் பேரை மேலே அனுப்பியது. 2011-இல் வந்த கியூ ஸ்கூல் என்னும் தகுதித் தொடர், சீசன் முழுவதும் சோதித்துப் பிரிக்கும் இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாக்கியது. அங்கே ஆட்டங்கள் அதிகபட்சம் ஏழு பிரேம்கள் கொண்டவை. நான்கு பிரேம்களை முதலில் வெல்பவர் முன்னேறுவார், தோற்றவர் அந்தத் தொடரிலிருந்து வெளியேறுவார். இறுதிப்போட்டியும் இல்லை, கோப்பையும் இல்லை. மிஞ்சிய நால்வர் கார்டோடு வீடு திரும்புவார்கள். ஓராண்டு உழைப்பின் பலன் சில வாரங்களில் முடிவாகிவிடுகிறது. நான்காவது பிரேமுக்கான கறுப்புப் பந்து பையின் விளிம்பில் தட்டி வெளியே நின்றுவிட்டால், திறமையிருந்தும் ஒருவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். 2018-இல் சேலஞ்ச் டூர் என்ற பெயர் மீண்டும் வந்ததும், அதன் வழியில் கியூ டூர் பிறந்ததும் இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

டூர் கார்டு கிடைத்தபின் காத்திருக்கும் சோதனையும் இதே இயல்புடையது. புதிதாக நுழைபவர் தரவரிசைப் பட்டியலில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் ஈட்டும் பரிசுத்தொகையைக் கொண்டு முதல் 64 இடங்களுக்குள் வர முயல வேண்டும். தவறினால் கார்டு போகும் நிலைதான் பெரும்பாலும். பல ஊர்களில், பல மேசைகளில், மாதக்கணக்கில் சீராக ஆடுபவரே அங்கே தாக்குப்பிடிப்பார். கியூ டூர் சோதிப்பதும் இதே குணத்தை. முதல் சீசனில் முதலிடம் பிடித்த பெல்ஜியத்தின் ஜூலியன் லெக்லெர்க், தொழில்முறையில் தம் முதல் ஆண்டிலேயே 2023 ஷூட் அவுட் போட்டியின் இறுதி வரை சென்று கிறிஸ் வேக்லினிடம் தோற்றார். ஷூட் அவுட் ஒரே பிரேமில், பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டம். அதை வைத்து மட்டும் எதையும் நிறுவ முடியாது என்ற மறுப்பு சரியானதே. ஆயினும் கியூ டூரிலிருந்து போனவர் பெரிய அரங்கில் ஒடுங்கிப்போவார் என்ற அச்சத்துக்கு அது போதுமான பதில்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இந்தப் படிக்கட்டைப் பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களே அடைத்துக்கொள்கிறார்கள் என்பது. 2022-இல் கார்டை இழந்த மார்ட்டின் ஓ'டானல் 2022-23 சீசனில் முதலிடம் பெற்றுத் திரும்பினார். அதே ஆண்டில் கார்டை இழந்த மைக்கேல் ஹோல்ட் 2023-24 சீசனின் முதலிடத்தோடு திரும்பினார். உண்மைதான், ஆனால் இவர்களை வெல்ல முடியாத இளைஞர் மேலே போனாலும் இவர்களைப் போன்றவர்களைத்தான் எதிர்கொள்வார். வாய்ப்பை அகலப்படுத்துவதே இதற்குத் தீர்வு. அந்தத் திசையில் 2023-24 முதல் கியூ டூர் ஆசிய-பசிபிக், அமெரிக்க, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கும் விரிந்தது. துருக்கியின் அந்தால்யாவில் நடந்த உலகளாவிய பிளே-ஆஃப் வழியாகப் போலந்தின் அந்தோனி கோவால்ஸ்கி போன்றவர்கள் கார்டு பெற்றனர். ஐரோப்பாவின் பயணச் செலவைத் தாங்க முடியாதவருக்கு இந்த விரிவாக்கம் பெரிய மாற்றம்.

எனினும் தரவரிசையில் முதலிடத்துக்கு மட்டும் நேரடி உயர்வு என்பது, சீசன் முழுவதும் இரண்டாமிடத்தில் நின்றவரையும் மீண்டும் சில நாள் ஆட்டத்தின் தயவில் விடுகிறது. பான்டின்ஸ் தொடர் முதல் எட்டுப் பேரை அனுப்பியது. அந்த எண்ணிக்கைக்கு அருகிலாவது கியூ டூரைக் கொண்டுசென்று, கியூ ஸ்கூலின் பங்கை அதற்கேற்பக் குறைத்தால், தொழில்முறைச் சுற்று தன் புதிய ஆட்டக்காரர்களைத் தான் மதிக்கும் அதே அளவுகோலால் தேர்ந்தெடுத்ததாக இருக்கும்.