ஜாக்–ஸ்டாட் வழித்தடம்

நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள். இவை செல்லுக்குள் நுழைவதில்லை. மேலுறையில் உள்ள ஏற்பியைப் பற்றிக்கொள்வதோடு சரி. அங்கிருந்து செய்தியை உட்கருவின் மரபணுக்கள் வரை கொண்டுசெல்லும் முக்கியப் பாதை ஜாக்–ஸ்டாட் வழித்தடம்.

முதல் சைட்டோகைன்களில் ஒன்றான இண்டர்ஃபெரானை 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லின்டன்மனும் கண்டறிந்தனர். அது வைரஸுக்கு எதிராகச் செல்லை எப்படித் தயார்ப்படுத்துகிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. இன்சுலின் ஏற்பிக்குச் சொந்தமாக, புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் நொதி உண்டு. இண்டர்ஃபெரான் ஏற்பிக்கு அது இல்லை.

1989இல் மெல்போர்னில் ஆண்ட்ரூ வில்க்ஸ் புதிய கைனேஸ்கள் இரண்டைக் கண்டார். அவற்றின் வேலை தெரியாததால், ‘இன்னுமொரு கைனேஸ்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாக ஜாக் என்ற பெயர் வழங்கியது. ஒவ்வொன்றிலும் கைனேஸ் வடிவப் பகுதிகள் இரண்டு இருந்ததால் இருமுக ரோமானியக் கடவுள் ஜானஸின் பெயர் பிற்பாடு நிலைத்தது. அப்பகுதிகளுள் ஒன்றுதான் வேலை செய்வது. மற்றது அதை அடக்கிவைப்பது.

ஏற்பியையும் கைனேஸையும் இணைத்துக் காட்டியது மிக நேர்த்தியான ஒரு சோதனை. ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் குழுவினர் மனிதச் செல்களில் ஒரு பொறி வைத்தனர். இண்டர்ஃபெரானுக்குச் செவிசாய்க்கும் செல் ஒரு நொதியை உண்டாக்கும். அந்நொதி 6-தயோகுவானின் என்ற மருந்தை நஞ்சாக்கிச் செல்லையே கொல்லும். செய்தி எட்டாத செல்கள் மட்டும் தட்டில் பிழைத்தன. அப்படிப் பிழைத்த ஒரு வகைக்கு ஜாக் குடும்பத்துக் கைனேஸான டிஒய்கே2-இன் மரபணுவைத் தந்ததும் செவிடு நீங்கியது. 1992இல் இது வெளியானது. அதே ஆண்டில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டார்னெல் குழு செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட் புரதங்களில் முதலாவனவற்றை அடையாளங்கண்டது.

ஏற்பியின் உள்வாலில் ஜாக் முன்பே ஒட்டியிருக்கும். சைட்டோகைன் வந்து ஏற்பிச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்ததும், நெருங்கிய ஜாக்குகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றி விழிக்கின்றன. பிறகு வாலின் டைரோசின் அமினோ அமிலங்களுக்கும் ஏற்றுகின்றன. அந்தப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாட்டுக்கும் பாஸ்பேட் ஏறுகிறது. இரண்டு ஸ்டாட்கள் இணைந்து உட்கருவுக்குள் போய் மரபணுவை இயக்குகின்றன. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மனிதரில் நான்கு ஜாக்குகளும் ஏழு ஸ்டாட்களும் உள்ளன. 1997இல் கண்டறியப்பட்ட சாக்ஸ் புரதங்கள் இந்தச் செய்தியை அணைக்கின்றன.

ஜாக்3 பழுதான குழந்தைகள் டி செல்களே இல்லாமல் பிறந்து சிறு தொற்றுக்கும் உயிரிழக்கக்கூடும் என்பது 1995இல் தெரிந்தது. மாறாக, ஜாக்2-இன் அடக்கும் பகுதியில் 617ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினால் கைனேஸ் ஓயாமல் இயங்கி இரத்தச் செல்கள் பெருகுகின்றன. இது 2005இல் வெளிவந்தது. 2011இல் ருக்சோலிடினிப் மைலோஃபைப்ரோசிஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கும், 2012இல் டோஃபாசிடினிப் முடக்குவாதத்துக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஜாக்கை அடக்கும் இம்மருந்துகளை உண்போருக்கு அக்கி போன்ற தொற்றுகள் வரும் வாய்ப்பு கூடுகிறது.