துரையப்பாவும் 56 வாக்குகளும்

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் காரைநகர் வீதி, மானிப்பாயைக் கடந்து சண்டிலிப்பாய், சங்கானை, சுழிபுரம் வழியாகப் பொன்னாலையை அடைகிறது. அதற்கப்பால் கடல், கடலுக்குமேல் காரைநகருக்குப் போகும் தாம்போதி. அங்கேதான் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1975 ஜூலை 27ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கோயிலுக்கு வழிபட வந்த யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவரான அவர் பெருமாள் கோயிலுக்குத் தவறாமல் போய் வருபவர் என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பழக்கத்தைச் சுட்டவர்களும் அறிந்திருந்தார்கள். அவர் வந்த காரிலேயே ஏறித் தப்பிச் சென்றார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. செய்தி மானிப்பாய்க்கு வந்து சேர்ந்த மாலையில், வீட்டு விறாந்தையில் கூடியிருந்த பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தது நினைவிருக்கிறது. ஒருவர், "செய்த வினை" என்றார். இன்னொருவர், "கோயில் வாசலிலை துவக்கெடுக்கிறதோ?" என்று கேட்டார். என் தந்தையார் எதுவும் சொல்லவில்லை. உண்மையில் எங்களில் எவருக்கும் துரையப்பாவுக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்கும் உரிமை இருந்ததில்லை. மானிப்பாய் அக்காலத்தில் உடுவில் தொகுதிக்குள் அடங்கியிருந்தது. வாக்கு இல்லையே தவிர, அபிப்பிராயத்துக்குக் குறைவிருக்கவில்லை.

துரையப்பாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அவருடைய மரணத்தைப் பற்றியவை. அது ஒரு போராட்டத்தின் தொடக்க அத்தியாயமாகிவிட்டதால், இறந்த மனிதர் அதில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிப் போனார். நான் எழுத விரும்புவது அதற்கு முந்திய துரையப்பாவை. மாநகரசபை உறுப்பினரான துரையப்பாவை.

1926 ஜூன் 15இல் பிறந்த அவர் தொழிலால் சட்டத்தரணி. யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபையாகத் தரமுயர்ந்து, சாம் சபாபதி முதலாவது மேயரானார். அன்றைய முறைப்படி வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். உறுப்பினர்கள் கூடித் தமக்குள் ஒருவரை மேயராகத் தெரிவு செய்வார்கள். எனவே இந்த அரசியலில் உயர விரும்புபவர் முதலில் வடிகாலையும் குப்பையையும் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் சக உறுப்பினர்களின் மனங்களையும் தெரிந்திருக்க வேண்டும். துரையப்பாவுக்கு இரண்டும் கைவந்திருந்தன.

1959 ஒக்டோபர் 11ஆம் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டபோது மேயராக இருந்தவர் அவரே. திறந்து வைத்தவரும் அவரே. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசகசாலையிலிருந்து வளர்ந்த முயற்சி அது. சென்னைக் கட்டடக் கலைஞர் கே. எஸ். நரசிம்மன் வரைபடம் அமைத்தார்; எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். பலருடைய உழைப்பில் எழுந்த மாளிகையை ஒருவருடைய சாதனையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நூலகத்தின் வரலாற்றைச் சொல்லும் பலர், திறந்து வைத்தவருடைய பெயர் வரும் இடத்தில் சற்றே நாக்கடித்துக்கொண்டு அப்பால் நகர்வதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. 1960இல் மார்ச் மாதமும் ஜூலை மாதமும் இரு பொதுத்தேர்தல்கள் நடைபெற்றன. தனிச்சிங்களச் சட்டத்துக்கும் 1958 கலவரத்துக்கும் பின்னர் தமிழரசுக் கட்சி பேரலையாக எழுந்திருந்த காலம். மார்ச்சில் 15 ஆசனங்கள், ஜூலையில் 16. அந்த அலையின் நடுவில் யாழ்ப்பாணத் தொகுதியில் சுயேச்சையாக நின்ற துரையப்பா இரு முறையும் வென்றார். தோற்கடிக்கப்பட்டவர் சாதாரணமானவர் அல்லர்: 1947 முதல் அத்தொகுதியைக் கையில் வைத்திருந்த ஜி. ஜி. பொன்னம்பலம்.

நாவன்மை மிக்க அந்தப் பெரும் வழக்கறிஞரை, ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட தலைவரை, ஒரு மாநகரசபைக்காரர் எப்படி வீழ்த்தினார்? குருநகர், பாசையூர்க் கடற்றொழிலாளர், சோனகதெரு முஸ்லிம்கள், சாதியால் ஒதுக்கப்பட்டோர் ஆகியோரிடையே அவருக்கிருந்த செல்வாக்கே விடை. பெரிய கட்சிகளின் மேடைகளில் இவர்கள் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடருக்குள் அடக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஒழுங்கைகள் அந்தத் தொடருக்குள் அடங்கவில்லை. துரையப்பா வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதவர் என்ற பெயரை எடுத்தார். சிபாரிசுக் கடிதமும் உத்தியோகமும் கொடுத்து வாக்கு வாங்கும் அரசியல் என்று எதிரிகள் சொன்னார்கள். அது பொய்யல்ல. ஆனால் கேட்கப் போவதற்கு ஒரு வாசலாவது இருப்பது, அதுவரை வாசலே இல்லாதவனுக்குச் சிறிய காரியமா?

1965இல் ஜி. ஜி. தொகுதியை மீட்டார். 1970இல் மும்முனைப் போட்டி. தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின் 8,848, துரையப்பா 8,792, ஜி. ஜி. மூன்றாமிடம். வித்தியாசம் 56 வாக்குகள். தேர்தல் செய்திகளை எழுதிய ஆண்டுகளில் இந்த எண்ணை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு ஒழுங்கைக்குள் அடங்கக்கூடிய எண்ணிக்கை அது.

தோற்றவர் மீண்டும் மேயரானார். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளராகவும் ஆனார். அவருடைய வாழ்வின் பெருந்தவறு இதுவென்பதே என் கணிப்பு. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் 1972 அரசியலமைப்பும் தமிழ் இளைஞர்களின் நெஞ்சில் நெருப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது, அவற்றைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் முகமாக யாழ்ப்பாணத்தில் அவர் நின்றார். குழாயும் விளக்கும் கொண்டுவர ஆளுங்கட்சி வேண்டும் என்ற மாநகரசபைக் கணக்கு, அந்த ஆண்டுகளில் செல்லுபடியாகவில்லை. இதிலொரு விசித்திரம்: அவரை 56 வாக்குகளால் வென்ற மார்ட்டினும் பின்னர் தமிழரசுக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அரசாங்கப் பக்கம் சாய்ந்தவரே.

1974 ஜனவரி 10ஆம் திகதி, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள். வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்கள்மீது பொலிஸார் பாய்ந்தனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. ஓய்வுபெற்ற நீதியரசர்களான டி கிறெற்சர், மாணிக்கவாசகர் ஆகியோருடன் பேராயர் குலேந்திரன் அமர்ந்த மக்கள் விசாரணைக் குழு பொலிஸாரையே குற்றஞ்சாட்டியது. ஊரோ மேயரையும் சேர்த்தே குற்றஞ்சாட்டியது. 'துரோகி' என்ற சொல் அதற்கு முன்பே மேடைகளில் ஏறியிருந்தது. நாவன்மையுள்ளவர்கள் அதைத் தாராளமாக வீசினார்கள். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் அதை அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொன்னாலையில் சுட்ட குழுவுக்குத் தலைமை தாங்கிய வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு அன்று இருபது வயது. 1978 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் உரிமை கோரிய கொலைகளில் துரையப்பாவுடையதும் ஒன்று. கொலை நடந்து பத்து மாதங்களுக்குள், பொன்னாலைக்கு அயலிலுள்ள பண்ணாகத்தில், 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. துரையப்பா திறந்து வைத்த நூலகம், திறந்து 22 ஆண்டுகள் நிறைவதற்குள், 1981இல் மே 31 இரவு ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. எரித்தவர்கள் வேறு தரப்பினர்.

அவர் நின்ற தொகுதியில் 1977இல் வென்ற வெ. யோகேஸ்வரன், அமிர்தலிங்கத்துடன் 1989 ஜூலை 13இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயரானார். அவ்வாண்டு மே 17இல் அவரும் வீட்டிலேயே சுடப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல் சபை அலுவலகத்திலேயே குண்டுக்குப் பலியானார். அதே சபையில் பின்னர் மேயராயிருந்து நாடாளுமன்றம் சென்ற ந. ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் கொல்லப்பட்டார். எங்கள் உடுவில் தொகுதியின் வி. தர்மலிங்கமும் தப்பவில்லை, 1985 செப்டெம்பர் 2. துரையப்பாவின் அரசியலை வெறுத்தவர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகிலுள்ள விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1999இல் அதைத் திருத்தத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது, மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற இரு பையன்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"துரையப்பாவிலை மட்ச் அங்கிள்."

யார் அந்தத் துரையப்பா என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.