கல்லேடும் கணினியேடும்

ஒரு பொருளை இருவருக்கு விற்பவனை எது தடுக்கும்? திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடமேற்கே, பெரியகுளத்திலுள்ள வெல்கம் விகாரை ஒரு விடை தருகிறது. சோழராட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளியின் 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கும் பசுக்களும் அளித்தோரைக் குறிக்கின்றன. ஊரறியக் கல்லிற் பொறித்த கொடையை மறைத்து, அதே பசுவை மற்றொருவருக்கும் உரிமையாக்குதல் எளிதன்று. பலர் கண்ணே அதன் காவல்.

இலக்கமுறை நாணயமோ வெறும் எண்; படியெடுத்து இருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கியின் தனியேடின்றி இதைத் தடுக்கும் வழியைச் சதோசி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளிவந்த பிட்காயின் கட்டுரை கூறிற்று. ஒவ்வொரு கைமாற்றமும் பல்லாயிரம் கணினிகளிலுள்ள பொதுப் பேரேட்டின் படிகளிற் பதிகிறது. ஒரு தொகுதியின் கணித முத்திரை அடுத்ததிற் பிணைக்கப்படுகிறது. செலவான நாணயம் மீண்டும் வந்தால் அக்கணினிகள் மறுத்துவிடும்.

ஆயினும், கணிப்பு வலுவிற் பாதிக்குமேல் ஒரு கூட்டத்தார் கைப்பற்றினால், அண்மைய பதிவுகளை மாற்றி ஒரே நாணயத்தை இருமுறை செலவிட இயலும். 2019 சனவரியில் எதீரியம் கிளாசிக் பேரேட்டில் அதுவே நிகழ்ந்தது. அன்று உளியை ஏவியது அரசும் செல்வமும். இன்று இயந்திரங்களை வாங்கிக் குவிப்பது மூலதனம். ஏடு பொதுவாயிருத்தல் மட்டும் போதாது. எழுதும் கையும் பொதுவாக வேண்டும்.