வெளியே தேங்காய்ச் சிரட்டை, உள்ளே மூடிய குப்பி: ஜியோகேச்சிங் பெட்டிகளை வீட்டிலேயே செய்யும் முறை

ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை, முன்பின் அறியாத இன்னொருவர் ஜிபிஎஸ் உதவியுடன் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். மறைப்பவர், பெட்டி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். தேடுபவர் கைப்பேசியோடு அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார். பரிசு என்று எதுவும் இல்லை. பிள்ளைகளைத் திடலுக்கும் பூங்காவுக்கும் கூட்டிச் செல்ல இது ஒரு நல்ல காரணம்.

கடையில் வாங்கிய டப்பாவையே வைக்கலாம் என்றாலும், சொந்தமாகச் செய்த பெட்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பார்வைக்கு அழகாகச் செய்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் காகிதம் நனையக்கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிட இடம் தரக்கூடாது. பார்ப்பவர் பயந்து போலீசைக் கூப்பிடும்படியும் இருக்கக்கூடாது.

ஒரு வாளியில் தொடங்கியது

அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி நீக்கியது. ஜிபிஎஸ் கருவிகளின் துல்லியம் ஒரே நாளில் பல மடங்கு கூடியது. மறுநாளே ஒரெகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் ஒரு வாளியில் புத்தகம், மென்பொருள், கவண், ஒரு பீன்ஸ் டின் ஆகியவற்றைப் போட்டு, காட்டோரத்தில் பாதி புதைத்து வைத்தார். அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். சில நாள்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன.

விதிகள் அப்போது இருந்ததுபோல் இப்போது இல்லை. உணவுப் பொருள் வைக்கக்கூடாது, ஏனென்றால் எறும்பும் எலியும் குரங்கும் தேடி வந்துவிடும். நில உரிமையாளரின் தெளிவான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டக்கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.

அளவு வகைகள்

100 மில்லிலிட்டருக்கும் குறைவாகக் கொள்வது மைக்ரோ. 100 மில்லிலிட்டர் முதல் 1 லிட்டர் வரை சிறியது. 1 லிட்டர் முதல் 20 லிட்டர் வரை வழக்கமான அளவு. அதற்கு மேல் பெரியது. விரல் நுனி அளவே உள்ள காந்தக் குப்பிகளை நானோ என்பார்கள். அதில் சுருட்டிய காகிதத் துண்டு ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும்.

மறைப்பது ஒன்று, காப்பது ஒன்று

முதல்முறை செய்பவர்கள் பலர், மறைக்கும் வேலையையும் காக்கும் வேலையையும் ஒரே பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். குடைந்த மரக்கட்டைக்குள் பதிவேட்டை அப்படியே வைத்தால் முதல் மழையிலேயே காகிதம் கூழாகிவிடும். மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் துருப்பிடிக்கும். அவற்றின் மூடி வழியாக நீரும் இறங்கும்.

வெளியே வேடம், உள்ளே காப்பு என்று இரண்டாகப் பிரிப்பதே நல்ல வழி. உள்ளே வைக்க, நான்கு பக்கமும் பூட்டும், ரப்பர் வளையமும் கொண்ட உணவு டப்பா ஏற்றது. சிறிய அளவுக்கு, இறுக்கமான திருகு மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் குப்பி போதும். அதன்மேல் எந்த வேடத்தையும் போடலாம். வேடம் சிதைந்தாலும் பதிவேடு பிழைக்கும்.

தோட்டத்துப் பொருள்களே போதும்

தேங்காய்ச் சிரட்டை: இரண்டு பாதிகளையும் ஒரு பக்கம் கயிற்றால் கீல்போல் கட்டி, நடுவில் சிறு குப்பியை வைக்கலாம். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. அதைக் குத்தித் திறந்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும்.

மூங்கில்: ஒரு கணுவை அடிப்பாகமாக விட்டு அறுத்தால் குழாய் தயார். கணுவை ஒட்டி ஒரு துளை போடுவது கட்டாயம். வெட்டிய மூங்கிலில் தேங்கும் நீர் கொசுவுக்கு மிகவும் பிடித்தமான இடம்.

பால்மரத்து மங்கு: பழைய மங்கைக் கவிழ்த்து, உட்புறத்தில் குப்பியைப் பிசின் கொண்டு ஒட்டினால், பார்ப்பவருக்கு அது கைவிடப்பட்ட மங்குதான். நிமிர்த்தி வைத்தால் நீர் நிறையும். கவிழ்த்து வைத்தால் அதுவே குடை.

போலிக் கல்: பூட்டும் டப்பாவைப் பிளாஸ்டிக் தாளால் தளர்வாகச் சுற்ற வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து, அடிப்புறத்தைத் திறந்துவிட்டு மற்ற பக்கங்களில் பூச வேண்டும். ஈரமாக இருக்கும்போதே, வைக்கப்போகும் இடத்து மண்ணையும் சிறு கற்களையும் மேலே அழுத்தினால் நிறம் ஒத்துப்போகும். சில நாள் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் வெடிப்பு விழாது. பிறகு டப்பாவை உருவி எடுத்தால் அதற்கான குழி தயாராக இருக்கும்.

தண்ணீர் ஊற்றினால் மேலே வரும் குப்பி

தேடுபவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும் பெட்டிகளும் உண்டு. பலருக்கும் பிடித்தது மிதக்கும் குழாய். அடி மூடிய பிவிசி குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளே மிதக்கக்கூடிய குப்பி ஒன்றைப் போட்டிருப்பார்கள். கை எட்டாது. தண்ணீர் ஊற்றினால்தான் குப்பி மேலே வரும்.

குழாயின் அடியில் வேண்டுமென்றே இரண்டு துளைகள் போடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஒருவர் விரலால் துளைகளை அடைக்க, மற்றவர் ஊற்ற வேண்டும். இதனால் விளையாட்டுக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். விரலை எடுத்ததும் நீர் முழுவதும் வடிந்துவிடுவதால் கொசுவுக்கும் இடமில்லை.

இது சின்ன விஷயம் அல்ல. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏடிஸ் வளர ஒரு வாரம் அளவு போதும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ், கொசு பெருக இடம் கொடுப்பது குற்றம். சிங்கப்பூரிலும் அபராதம் உண்டு. நீர் தேங்கக்கூடிய எந்த வேடத்துக்கும் வடிகால் துளை இல்லாமல் வெளியே வைக்கக்கூடாது.

பயமுறுத்தும் வேடம் வேண்டாம்

இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011ஆம் ஆண்டு, கடைத்தெருவில் மறைத்து வைக்கப்பட்ட சிறு பிளாஸ்டிக் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்து அழித்தார்கள். இருபுறமும் மூடிய குழாய், கறுப்பு டேப் சுற்றிய பொட்டலம், கம்பி தொங்கும் பெட்டி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உள் டப்பா, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி இருந்தால் நல்லது. அதன்மேல் இது விளையாட்டுப் பெட்டி என்று எழுதி ஒட்ட வேண்டும்.

ரயில் நிலையம், பள்ளிக்கூடம், அரசாங்கக் கட்டடம் ஆகியவற்றின் அருகே வைக்கவே கூடாது. மின்பெட்டி, ஆணி, போல்ட்டு போன்ற வேடங்களும் ஆபத்தானவை. போலியைத் தேடி வருபவர் உண்மையான மின்பெட்டியைத் திறந்துவிடக்கூடும், உண்மையான போல்ட்டைக் கழற்றிவிடக்கூடும். தோட்டம் என்றால் நிர்வாகத்திடமும், பூங்கா என்றால் அதற்குரிய அதிகாரிகளிடமும் முதலில் அனுமதி பெற வேண்டும்.

வைப்பதற்கு முன் ஒரு சோதனை

குப்பிக்குள் காய்ந்த டிஷ்யூத் தாளை வைத்து மூடி, கல் கட்டி, வாளித் தண்ணீரில் ஓர் இரவு மூழ்கவிட வேண்டும். காலையில் தாள் காய்ந்திருந்தால் குப்பி தேறியது. ஈரம் பட்டிருந்தால் மூடியை மாற்ற வேண்டும், அல்லது குப்பியையே மாற்ற வேண்டும்.

பதிவேட்டைச் சிறு ஜிப் பையில் போட்டு, காலணிப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்க்கலாம். பேனா மை ஈரத்தில் கலையும் என்பதால் பென்சில் நல்லது.

பெட்டியை வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. பெருமழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பதிவேடு நிறைந்தால் புதிது வைக்க வேண்டும். இனிப் பராமரிக்க முடியாது என்றால், இணையப் பதிவை மூடிவிட்டுப் பெட்டியையும் கையோடு எடுத்து வந்துவிட வேண்டும். விட்டுவிட்டு வந்தால், எவ்வளவு அழகாகச் செய்த பெட்டியானாலும் அது குப்பைதான்.